நீதிபதியின் மீது முறையீடு

வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலைக்குச் செல்வோர் ஆலங்காயத்தைக் கடந்து, காவலூர் வானாய்வுக் கூடத்தின் வழியே ஏறி ஜமுனாமரத்தூரை அடைவர். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்வழியே சென்றிருந்தோம். பேருந்துக்காகக் காத்திருந்த தேநீர்க் கடையில், சாமை மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் நம்மோடு பேச்சுக் கொடுத்தார். நிலத் தகராறு ஒன்றின் பொருட்டுப் பல ஆண்டுகள் சமவெளி நீதிமன்றத்துக்கு இறங்கி ஏறியவர் அவர். நாம் மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவர் என அறிந்ததும் அவர் கேட்ட கேள்வி இன்றளவும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

“பாய், வி.ஏ.ஓ. தப்புப் பண்ணா தாசில்தார்கிட்ட சொல்லலாம். தாசில்தார் தப்புப் பண்ணா கலெக்டருக்கு மனு கொடுக்கலாம். ஜட்ஜ் ஐயாவே தப்புப் பண்ணா நாங்க யாருகிட்ட போறது?”

அப்பெரியவர் எந்த நீதிபதியின் மீதும் குறை கூறவில்லை. வழி உண்டா என்று மட்டுமே வினவினார். உண்டு என்றோம். ஆனால் அவ்வழி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவருக்கு விளக்க நம்மால் இயலவில்லை. அன்று இயலாமற் போனதை நூல்களில் தேடிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தீர்ப்பில் நேரும் பிழை வேறு. நடத்தையில் நேரும் பிழை வேறு. சட்டத்தைத் தவறாகப் பொருள் கொண்ட தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு. கையூட்டு, பாரபட்சம், பதவியைத் தன்னலத்துக்குப் பயன்படுத்துதல் போன்றவை நடத்தையைச் சார்ந்தவை. அவற்றை மேல்முறையீட்டால் தீர்க்க முடியாது. நாம் ஈண்டு ஆராய்வது இவ்விரண்டாம் வகையையே.

திறந்த வாயில்

நம் தமிழகத்தில் இவ்வினாவுக்கு மிகப் பழைய விடை ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்துக் கண்ணகி, பிழையாகத் தீர்ப்பளித்த மன்னனையே எதிர்த்து வழக்குரைத்தாள். அங்கே குற்றம் சாட்டப்பட்டவனும் பாண்டியன். வழக்கைக் கேட்டவனும் பாண்டியன். எனினும் வாயிற்காவலன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அவள் கோலத்தை அரசனுக்குரைத்து உள்ளே அழைத்துவந்தான். அரசன் சிலம்பைக் கொணரச் செய்தான். உள்ளிருந்தது முத்தா மாணிக்கமா என்னும் சான்று அவையறியச் சோதிக்கப்பட்டது. முறையிட்டவளுக்கு அவ்விடத்திலேயே விடையும் கிடைத்தது. வாயில், சான்று, விடை ஆகிய மூன்றையும் அக்காப்பியம் ஒரு காட்சியில் அடக்கிவிட்டது.

அடுத்து, முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நோக்குவோம். 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அவை, குடவோலை முறையில் வாரியப் பொறுப்புக்கு வருவோரின் தகுதிகளை வரையறுக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களின் பெயரும், அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்படலாகாது என்பது விதி. பொறுப்பை விட்டு இறங்கிய பிறகும் கணக்கு அவரைத் தொடர்ந்தது. இச்செய்தியை நினைவில் இருத்திக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

காஜிகளும் கணக்கும்

இஸ்லாமிய வரலாற்றில் காஜிகளின் மதிப்பு மிகப் பெரிது. ஆயினும் காஜி கேள்விக்கு அப்பாற்பட்டவராகக் கருதப்பட்டதில்லை. ஆட்சியாளரும் அதிகாரிகளும் இழைத்த கொடுமைகளைக் கேட்பதற்கென்றே ‘மளாலிம்’ என்னும் முறையீட்டு மன்றம் நடைபெற்றது. ஹிஜ்ரி 450-இல் (1058) மறைந்த இமாம் மாவர்தீ, தாமும் காஜியாக இருந்தவர். ஆட்சிமுறை பற்றிய தமது நூலில் இம்மன்றத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியுள்ளார். காவலர், காஜிகள், சட்ட அறிஞர், எழுத்தர், சாட்சிகள் ஆகிய ஐந்து பிரிவினர் இல்லாமல் அம்மன்றம் கூடலாகாது என்கிறார். எழுத்தர் நடந்ததைப் பதிவு செய்ய, சாட்சிகள் தீர்ப்புக்குச் சான்றாக நிற்க, அனைத்தும் வெளிப்படையாக நடைபெறவேண்டும் என்பதே கருத்து.

கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் சுல்தான் நூருத்தீன் ஸன்கீ டமாஸ்கஸ் நகரில் ‘தாருல் அத்ல்’ என்னும் நீதியில்லத்தை எழுப்பினார். வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் இதனையொட்டி ஒரு செய்தி கூறுகிறார். சுல்தானின் பெருந்தளபதியும் ஸலாஹுத்தீனின் சிறிய தந்தையுமான ஷீர்கூஹ், இவ்வில்லம் தம் போன்றோரை விசாரிக்கவே எழுகிறது என்று உணர்ந்தார். தம் காரியதரிசிகளை அழைத்து, தம்மீது உரிமை கோரும் ஒவ்வொருவரையும் நாடிச் சென்று, சொத்து முழுவதும் போனாலும் வழக்கைத் தீர்த்துவிடுமாறு கட்டளையிட்டார். கட்டடம் திறந்து சுல்தான் அமர்ந்தபோது ஷீர்கூஹின் மீது முறையிட ஒருவரும் வரவில்லை. முறையீட்டுக்கு வாயில் ஒன்று இருக்கிறது என்னும் செய்தியே பாதி நீதியைச் செய்து முடித்தது.

வேலூர் முதலிய ஊர்களின் மத்ரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் ஃபிக்ஹு கித்தாபுகளிலும் இப்பொருள் விரிவாக உண்டு. புதிய காஜி பொறுப்பேற்றதும் முன்னவரின் ஏடுகளைக் கைக்கொள்ளவேண்டும். சிறையில் இருப்போரின் நிலையை முதலில் ஆராயவேண்டும் என்று ஹனஃபீ நூலாகிய ‘ஹிதாயா’வும், இமாம் நவவீயின் ‘மின்ஹாஜ்’ என்னும் ஷாஃபிஈ நூலும் விதிக்கின்றன. ‘மின்ஹாஜ்’ மேலும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. பதவியிலிருந்து நீங்கிய காஜி கையூட்டு வாங்கித் தம் பொருளைப் பறித்தார் என்று ஒருவர் முறையிட்டால், அவரை அழைத்து வழக்கை விசாரித்து முடிக்கவேண்டும் என்பது ஒன்று. பதவியில் இருக்கும் காஜி அநீதியாகத் தீர்ப்பளித்தார் என வெறும் வாய்ச்சொல்லால் கூறினால் அதனை ஏற்கலாகாது. சான்று வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்குக. சான்றில்லா வசையிலிருந்து நீதிபதிக்குக் காப்பு உண்டு. அதே வேளையில் பதவி போனதும் பொறுப்பும் போயிற்று என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவும் இடமில்லை. உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் பொறித்த கருத்தும் இதுவே.

ஆங்கிலேயர் காலம்

இன்று நம் நாட்டில் நடைமுறையில் உள்ள முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. அரசரின் விருப்பு வெறுப்புக்கு ஏற்ப நீதிபதிகள் நீக்கப்பட்டு வந்த கொடுமையைப் போக்க, 1701-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. நன்னடத்தை உள்ளவரை பதவி. நீக்குவதாயின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வேண்டுகோள் விடுக்கவேண்டும். நீதிபதியை அச்சமின்றித் தீர்ப்பளிக்கச் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் முறையிடுவோருக்கு இது மலையுச்சிப் பாதையாயிற்று. நீதிமன்றப் பணத்தைக் கையாடியதாகக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட அயர்லாந்து நீதிபதி சர் ஜோனா பாரிங்டன் 1830-இல் நீக்கப்பட்டார். அம்முறையில் நீக்கப்பட்டவர் அவர் ஒருவரே.

இந்தியாவிலோ நிலை வேறு. சர் ஸையித் அஹ்மத் கான் அவர்களின் புதல்வர் ஸையித் மஹ்மூத் 1887-இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் நிரந்தர நீதிபதியானார். அரபு மூலநூல்களை நேரே ஆராய்ந்து அவர் எழுதிய தீர்ப்புகள் இன்றும் சட்ட மாணவர்களால் போற்றப்படுகின்றன. தலைமை நீதிபதி சர் ஜான் எட்ஜ் அவர்மீது அரசுக்குப் புகார் எழுதினார். தீர்ப்புகளில் தாமதம், குடிப்பழக்கம் ஆகியன கூறப்பட்டன. 1893-இல் ஸையித் மஹ்மூத் பதவி விலகினார். திறந்த மன்றத்தில் சான்றுகள் வைக்கப்பட்டு, அவர் தரப்பும் கேட்கப்பட்டு, முடிவு ஒன்று எழுதப்பட்டிருக்குமானால் உண்மை விளங்கியிருக்கும். குற்றம் எவ்வளவு, காழ்ப்பு எவ்வளவு என்று வரலாற்று மாணவர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கவேண்டிய நிலை வந்திராது.

1935-ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் திருத்தி, நீதிமன்ற விசாரணைக்குப் பின்னரே நீக்கம் என்று வகுத்தது. அதன்படி 1949-இல் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், கூட்டாட்சி நீதிமன்றத்தின் அறிக்கையின்பேரில் நீக்கப்பட்டார்.

குடியரசின் அனுபவம்

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் 124-ஆம் பிரிவில் நீக்க முறையை வகுத்தது. மக்களவை உறுப்பினர் 100 பேர் அல்லது மாநிலங்களவை உறுப்பினர் 50 பேர் கையொப்பமிட வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டு நீதிபதிகள் விசாரணைச் சட்டம் கூறுகிறது. பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதி, உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி, சட்ட வல்லுநர் ஆகிய மூவர் குழு விசாரிக்கும். குற்றம் மெய்யெனக் கண்டால் இரு அவைகளும், மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும் வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கும் சேர, தீர்மானத்தை நிறைவேற்றவேண்டும். 1950 முதல் 2025 முடிய இவ்வழியில் நீக்கப்பட்ட நீதிபதி ஒருவரும் இல்லை.

குற்றச்சாட்டே எழவில்லையா? எழுந்தது, அதிலும் தமிழகத்தோடு தொடர்புடையவையே பல. சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி மீது, வருவாய்க்கு மீறிய சொத்து என்னும் குற்றச்சாட்டில் 1976-இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. ஊழல் தடுப்புச் சட்டம் உயர்நீதிமன்ற நீதிபதிக்குப் பொருந்துமா என்னும் ஒரு கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தின் விடை 1991 ஜூலையில்தான் வந்தது. பொருந்தும், ஆனால் தலைமை நீதிபதியைக் கலந்தே வழக்குப் பதியவேண்டும் என்று பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர். கேள்விக்கு விடை காணவே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன.

திருவில்லிபுத்தூரில் பிறந்த நீதிபதி வி. ராமசாமி மீது, பஞ்சாப் அரியானா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது இல்லத்துக்காக அரசுப் பணத்தை மிகுதியாகச் செலவிட்டார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. 1991-இல் அமைந்த மூவர் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பிக்கப்பட்டன என்றது. 1993 மே 11 அன்று மக்களவையில் 196 பேர் தீர்மானத்தை ஆதரித்தனர். எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. 205 பேர் வாக்களிக்காமலே இருந்துவிட்டனர். தீர்மானம் வீழ்ந்தது. விசாரித்தோர் ஒன்று கூற, வாக்குரிமை பெற்றோர் வாய் திறவாமையால் மற்றொன்று நடந்தது. நீதிபதியும் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்படவில்லை.

2009-இல், உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த கர்நாடகத் தலைமை நீதிபதி பி.டி. தினகரன் மீது, திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் பொது நிலங்களை ஆக்கிரமித்தார் என்னும் புகார் கிளம்பியது. அவர் அதனை மறுத்தார். மாநிலங்களவை உறுப்பினர் 75 பேர் கையொப்பமிட, விசாரணைக் குழு அமைந்தது. விசாரணை முடியுமுன் 2011 ஜூலையில் அவர் பதவி விலகினார். குழுவின் பணியும் அத்துடன் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 18 அன்று கல்கத்தா நீதிபதி சௌமித்ர சென் மீதான தீர்மானம் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை கூடி வாக்களிக்குமுன் செப்டம்பர் 1 அன்று அவரும் விலகினார். தீர்மானம் அங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

1893-இல் ஸையித் மஹ்மூதுக்கு நேர்ந்ததும் 2011-இல் நேர்ந்ததும் தன்மையால் வெவ்வேறானவை; முடிவால் ஒன்றே. விலகல் கடிதம் ஒன்று, விசாரணையின் கடைசிப் பக்கம் எழுதப்படாமலே ஏட்டை மூடிவிடுகிறது. இதனால் இழப்பு இருவருக்கு. காவேரிராஜபுரத்து நிலமற்ற ஏழைக்குத் தன் முறையீடு மெய்யா பொய்யா என்னும் விடை கிடைக்கவில்லை. நீதிபதி உண்மையிலேயே குற்றமற்றவராயின் அவருக்குத் தம் நற்பெயர் திரும்பவில்லை.

நாடாளுமன்ற வழி இத்துணைக் கடினமாக இருப்பதை உணர்ந்த உச்ச நீதிமன்றம், 1997-இல் நீதிபதிகளுக்கான ஒழுக்க நெறிகளை ஏற்று, 1999-இல் நீதித்துறைக்குள்ளேயே விசாரிக்கும் உள்முறை ஒன்றையும் வகுத்தது. இதன்படி சக நீதிபதிகள் விசாரிப்பர், பணி ஒதுக்காமல் நிறுத்தலாம், விலகுமாறு அறிவுறுத்தலாம், நீக்கத்துக்குப் பரிந்துரைக்கலாம். ஆனால் இது சட்டமன்று; முறையிட்டவருக்கு முடிவைக் கூறும் கடப்பாடும் இதில் இல்லை. 2010-இல் கொண்டுவரப்பட்ட நீதிபதிகள் பொறுப்புடைமை மசோதா இக்குறையைப் போக்க முயன்றது. அதன் முதல் வரைவோ, பொய்ப் புகாருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று அச்சுறுத்தியது. மலைக்குடியானவர் எவர் அதன்பின் மனு எழுதத் துணிவார்? தண்டனை குறைக்கப்பட்டு 2012-இல் மக்களவையில் நிறைவேறிய அம்மசோதா, 2014-இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

2025-ஆம் ஆண்டு இவ்வினாவை மீண்டும் நாட்டின் முன் வைத்தது. உயர்நீதிமன்ற நீதிபதிகள் மீதான புகாரைத் தாம் விசாரிக்கலாம் என்று ஜனவரியில் லோக்பால் கூறியது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மார்ச்சில் டெல்லி நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் இல்லத்தில் தீ விபத்தின்போது பெருந்தொகை காணப்பட்டதாகச் செய்தி எழுந்தது. அவர் அதனை மறுத்தார். உச்ச நீதிமன்றம் உள்முறைக் குழுவை அமைத்ததோடு, முதற்கட்ட ஆவணங்களைத் தன் இணையதளத்திலேயே வெளியிட்டது. இது முன்னில்லாத வழக்கம். ஆகஸ்டில் மக்களவைத் தலைவர் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூவர் குழுவை அமைத்தார்.

மறுபக்கத்து ஆபத்து

இவ்வளவும் கேட்ட ஒருவர், நீதிபதியை நீக்குவதை எளிதாக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அண்டை நாடாகிய இலங்கையை நோக்கி இதற்கு விடை காண்போம். அரசுக்கு உவப்பில்லாத தீர்ப்புகளைத் தொடர்ந்து, தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது தெரிவுக்குழு விசாரணை நடைபெற்றது. அக்குழுவுக்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றங்கள் கூறியும், 2013 ஜனவரி 11 அன்று நாடாளுமன்றம் 155-க்கு 49 என்னும் வாக்குகளால் தீர்மானத்தை நிறைவேற்றியது. இரண்டே நாட்களில் அவர் நீக்கப்பட்டார். ஆட்சி மாறியபின், 2015 ஜனவரியில் அந்நீக்கம் செல்லாது எனப்பட்டு, அவர் மீண்டும் ஆசனத்தில் அமர்ந்து மறுநாள் ஓய்வு பெற்றார். ஆளுங்கட்சியின் கைக்கெட்டும் தொலைவில் நீதிபதியின் நாற்காலி இருக்குமாயின், சிறுபான்மையினரும் பழங்குடியினருமே முதலில் துன்புறுவர். அரசை எதிர்த்து அவர்களுக்குத் துணைநிற்க வேறு எவர் உளர்? 1992-இல் வாச்சாத்தியில் மலையாளிப் பழங்குடியினர்க்கு அரசுப் பணியாளர் இழைத்த கொடுமைக்கு 2011-இல் தண்டனை வழங்கியது தருமபுரி நீதிமன்றம். 2023-இல் அதனை உறுதி செய்தது சென்னை உயர்நீதிமன்றம். அஞ்சாத நீதிபதிகள் இருந்தமையால் அது கைகூடிற்று.

செய்யத்தக்கவை

எனவே சீர்திருத்தம் என்பது இரு ஓரங்களுக்கும் இடைப்பட்டதாக அமையவேண்டும். வரலாற்றிலிருந்து நாம் உணர்ந்தவற்றைச் சுருக்கிக் கூறுவோம்.

அரசின் கைக்கும் சக நீதிபதிகளின் தயவுக்கும் மட்டும் உட்படாத நிலையான அமைப்பு ஒன்று, சட்டத்தால் நிறுவப்பட்டு முறையீடுகளைப் பெறவேண்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கூறினும் எழுதிக்கொள்ள ஒருவர் இருக்கவேண்டும். சான்றில்லாதவற்றைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடுக. ஆனால் சிறையைக் காட்டி ஏழையை அச்சுறுத்தற்க.

தண்டனையில் படிநிலை வேண்டும். இன்று உயர்நீதிமன்ற நீதிபதிக்குச் சட்டம் கூறுவது நீக்கம் ஒன்றே. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சிறு பிழைக்கு நீக்கம் மிகையாதலால் அது பிழையே இல்லாததுபோல் கடந்துவிடுகிறது. இங்கிலாந்தில் அறிவுரை, எச்சரிக்கை, கண்டனம், நீக்கம் எனப் படிகள் வகுத்து, முடிவுகளை அறிவிப்பாக வெளியிட 2013 முதல் தனி அலுவலகம் இயங்கி வருகிறது. 1701-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தந்த நாடே அதன் போதாமையை உணர்ந்து திருந்திக்கொண்டது.

எல்லாவற்றிலும் முதன்மையானது, பதவி விலகல் விசாரணையை நிறுத்தலாகாது என்பது. விலகியவரைத் தண்டிக்கும் வேட்கையால் இதைக் கூறவில்லை. உண்மை இன்னது என்று எழுதி முடித்து, முறையிட்டவருக்கும் நீதிபதிக்கும் படித்துக் காட்டவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். ‘மின்ஹாஜ்’ ஓதியவருக்கு இது புதிதாகத் தோன்றாது. உத்திரமேரூர்க் கல்லைப் படித்தவருக்கும் தோன்றாது.

2024-ஆம் ஆண்டு ஒரு மகிழ்ச்சியான செய்தி வந்தது. ஜவ்வாது மலையையொட்டிய புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் மலையாளிப் பழங்குடிப் பெண், குழந்தை பெற்ற சில நாட்களுக்குள் தேர்வெழுதி, உரிமையியல் நீதிபதியாகத் தேர்ச்சி பெற்றார் என்பதே அது. தேநீர்க் கடைப் பெரியவரின் பேத்தி வயதுடையவர் அவர். மலைமக்கள் நீதிமன்றத்தின் முன் நிற்பவராக மட்டுமின்றி, நீதியாசனத்தில் அமர்பவராகவும் ஆகிவரும் காலம் இது. நேர்மையாளர் அமரும் அவ்வாசனத்தின் மதிப்பைக் காக்கவும் முறையீட்டுக்கு ஒழுங்கான வழி இன்றியமையாதது.

அப்பெரியவரை மீண்டும் காண நேர்ந்தால் இனி நாம் விடை கூற இயலும். கீழ்நீதிமன்ற நீதிபதியாயின், அரசியல் சட்டம் 235-ஆம் பிரிவின்படி அவர் உயர்நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவர்; சான்றோடும் கையொப்பத்தோடும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு எழுதுங்கள் என்போம். உயர்நீதிமன்ற நீதிபதியாயின், இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதலாம் என்போம். “எழுதினா பதில் வருமா பாய்?” என்று அவர் அடுத்துக் கேட்பார். அதற்கு உறுதியாக ‘ஆம்’ என்று சொல்ல நம்மால் இன்னும் முடியவில்லை. அச்சொல்லைச் சொல்லத்தக்க சட்டத்தை நம் நாடு விரைவில் இயற்றிக்கொள்ளட்டும்.